இரண்டு ஆட்டம், ஒரே முடிவு: தகுதிச் சுற்றின் முதல் படியை எப்படிப் பார்ப்பது

சுங்கை சிப்புட் மாதிரியான ஒரு தோட்டப்புற ஊரில் காற்பந்து பேசாத ஒட்டுக்கடையே கிடையாது, ஆனால் பேச்சில் பாதிக்கு மேல் லிவர்பூலும் மென்செஸ்டர் யுனைடெட்டும்தான், மீதி பேராக் அணி. ஹரிமாவ் மலாயா என்கிற நம் தேசிய அணியைப் பற்றிப் பேச்சு எழுந்தாலும் இறுதியாட்டம், அரையிறுதி, இந்தோனேசியாவோடு மோதல் என்று பெரிய இரவுகளைப் பற்றித்தான் இருக்கும். 2019 ஜூன் 7ஆம் தேதி, நோன்புப் பெருநாள் வந்து இரண்டே நாளில், கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் அரங்கில் மலேசியா திமோர் லெஸ்தேயைச் சந்தித்தபோது, "திமோரோட ஆடுறத பார்க்க மூணு மணி நேரம் காரு ஓட்டணுமாண்ணே?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். கேட்டதில் தப்பில்லை, எதிரணி அப்படி. ஆனால் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மலேசியா ஆடிய ஆட்டங்களில், தோற்றிருந்தால் மிக அதிகமாக இழந்திருக்கக்கூடியது உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றின் முதல் படியில் திமோரோடு ஆடிய அந்த இரண்டு ஆட்டங்களில்தான் என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று விளக்க, இந்த இரண்டு ஆட்டச் சுற்று எப்படி இயங்குகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆசியாவில் ஃபிஃபா உறுப்பினராக உள்ள நாடுகள் 46. உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றின் பெரிய குழு ஆட்டங்கள் அனைவருக்கும் தெரியும். 2022 உலகக் கிண்ணத்துக்கான அந்தக் கட்டத்தில் எட்டுக் குழுக்கள், குழுவுக்கு ஐந்து அணிகள், ஆக 40 இடம். 46 பேருக்கு 40 நாற்காலி. ஆறு பேரை வெளியேற்ற வேண்டும். எல்லாரையும் ஆட வைத்து ஆறு பேரைக் கழிக்க நேரமில்லை, பணமும் இல்லை. அதனால் ஃபிஃபா தரவரிசையில் ஆசியாவின் முதல் 34 நாடுகளை நேராக உள்ளே விட்டுவிட்டு, 35இலிருந்து 46 வரை இருக்கும் 12 நாடுகளை மட்டும் ஜோடி சேர்த்து, உன் மண்ணில் ஒன்று, என் மண்ணில் ஒன்று என்று மோதவிட்டார்கள். வென்ற ஆறு பேர் உள்ளே, தோற்ற ஆறு பேர் வீட்டுக்கு. முதல் சுற்று என்பது அவ்வளவுதான், குழுக்கள் சரியாக நிரம்பும்வரை கடைசி வரிசையைக் கத்தரிக்கும் வேலை.

2018 கிண்ணத்துக்கும் இதே 12 பேர் கணக்குதான், 2015 மார்ச்சில் நடந்தது. 2026 கிண்ணத்துக்கு குழு அமைப்பு ஒன்பதுக்கு நான்கு என்று மாறியதால் 36 இடமாகச் சுருங்கியது, பத்து பேரைக் கழிக்க வேண்டியதாயிற்று, ஆகவே 27ஆம் இடத்திலிருந்து 46 வரை 20 நாடுகள் 2023 அக்டோபரில் மோதின. அந்த முறை மலேசியா நேராக உள்ளே போய்விட்டது. இந்தோனேசியா போகவில்லை. அவர்கள் முதல் சுற்றில் புருணையை 6-0, 6-0 என்று அடித்துவிட்டு அங்கிருந்து நான்காம் சுற்று வரை ஏறினார்கள். முதல் படியில் தொடங்கியவன் மேலே போக முடியாது என்று யாராவது சொன்னால் இதை நினைவுபடுத்துங்கள்.

2019இல் மலேசியாவின் நிலைமை வேறு. நமது தரவரிசை அப்போது அந்தக் கடைசிப் பன்னிரண்டுக்குள் விழுந்திருந்தது. ஒருகாலத்தில் ஒலிம்பிக்குக்குப் போன, தென் கொரியாவையே தோற்கடித்த நாடு, பூட்டான், மக்காவ் இருந்த கலயத்திலிருந்து குலுக்கி எடுக்கப்பட்டது. ஆனால் இதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருந்தது. 2022 உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றும் 2023 ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றும் ஒரே பாதையாக இணைக்கப்பட்டிருந்தன. அந்த இரண்டு ஆட்டத்தில் தோற்றால் உலகக் கிண்ணக் கதவு மட்டுமல்ல, ஆசியக் கிண்ணக் கதவும் சேர்ந்தே மூடிவிடும். மலேசியா உலகக் கிண்ணத்துக்குப் போகும் என்று அன்றைக்கு யாரும் கனவு காணவில்லை, சரி. ஆசியக் கிண்ணம் அப்படியல்ல.

பயிற்றுநர் தான் செங் ஹோவின் அணி முதல் ஆட்டத்தில் 7-1, நான்கு நாள் கழித்து இரண்டாம் ஆட்டத்தில் 5-1, மொத்தம் 12-2 என்று முடித்தது. அதற்கப்புறம் நடந்ததைப் பாருங்கள். குழுவில் ஐக்கிய அரபு சிற்றரசுகள், வியட்நாம், தாய்லாந்து, இந்தோனேசியா. செப்டம்பரில் ஜக்கார்த்தாவில் 2-1 என்று பின்தங்கியிருந்து 3-2 வென்றோம். நவம்பரில் புக்கிட் ஜாலிலில் தாய்லாந்தை 2-1 வென்றோம். குழுவில் மூன்றாம் இடம். அந்த மூன்றாம் இடம்தான் ஆசியக் கிண்ணத் தகுதியின் அடுத்த கட்டத்துக்கு அனுப்பியது, 2022 ஜூனில் சொந்த அரங்கில் துர்க்மெனிஸ்தானையும் வங்காளதேசத்தையும் வென்று, 1980க்குப் பிறகு முதல் தடவையாக ஆட்டத்தின் வழியாகவே ஆசியக் கிண்ணத்துக்குள் நுழைந்தோம். 2007இல் ஆடினோம்தான், ஆனால் அது போட்டியை ஏற்று நடத்திய நாடுகளில் ஒன்று என்பதால் கிடைத்த இடம். அப்புறம் அதே ஆசியக் கிண்ணத்தில், 2024 ஜனவரி 25, கட்டாரில் தென் கொரியாவோடு 3-3. அந்த இரவைப் பற்றி இந்த ஊரில் இன்னும் பேசுகிறார்கள். அந்த இரவின் நூலைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே போனால் அது முடிகிற இடம், யாரும் பார்க்கப் போக விரும்பாத அந்தத் திமோர் ஆட்டம்.

இப்போது கணக்குக்கு வருவோம். இரண்டு ஆட்டச் சுற்றில் பலர் தடுமாறுவது, அதை இரண்டு தனித்தனி ஆட்டமாகப் பார்ப்பதால். இது 180 நிமிட ஒரே ஆட்டம், நடுவில் சில நாள் இடைவேளை, பாதியில் அரங்கம் மாறுகிறது, அவ்வளவே. முதல் ஆட்டம் சமமாக முடிந்தால் கூடுதல் நேரம் கிடையாது, பினால்டி கிடையாது, கோல் எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். இரண்டாம் ஆட்டத்தின் 90 நிமிடம் முடிந்தபின் மொத்தக் கோல் சமமாக இருந்தால்தான் அடுத்த கேள்வி வரும்: போட்டியின் விதியைப் பொறுத்து எதிரணி மண்ணில் யார் அதிகம் கோல் போட்டார்கள் என்று பார்ப்பார்கள், அல்லது நேராக 30 நிமிடக் கூடுதல் நேரம், பிறகு பினால்டி. ஆகவே முதல் ஆட்டம் 1-0 தோல்வி என்றவுடன் "போச்சு லா" என்பதும், 2-0 வெற்றி என்றவுடன் "முடிஞ்சிருச்சு" என்பதும், பாதி ஆட்டத்தில் எழுந்து போவதற்குச் சமம்.

மலேசியாவின் சொந்த வரலாறே இதற்குப் போதுமான பாடம். 2014இல் தென்கிழக்காசியக் கிண்ண அரையிறுதி. ஷா ஆலாமில் முதல் ஆட்டம், வியட்நாமிடம் 2-1 தோல்வி. சொந்த மண்ணில் தோற்றுவிட்டு ஹனோய் போக வேண்டும். ஊரில் பெரும்பாலானோர் கைகழுவிவிட்டார்கள். ஹனோயில் இடைவேளையின்போது மலேசியா 4-1 முன்னணியில் இருந்தது! 4-2 என்று முடிந்து, மொத்தம் 5-4. பத்து நாள்கூட ஆகவில்லை, இறுதியாட்டத்தில் அதே மருந்து நமக்கே திரும்பி வந்தது. பேங்காக்கில் தாய்லாந்திடம் 2-0 தோற்றோம், பிறகு புக்கிட் ஜாலிலில் சாஃபிக் ரஹிம் இரண்டு, இந்திரா புத்ரா ஒன்று என்று 3-0 முன்னிலை. அரங்கமே ஆடியது. ஆனால் மொத்தக் கணக்கில் அது வெறும் 3-2. அந்த ஒரு கோல் இடைவெளியில்தான் அத்தனை கொண்டாட்டமும் நின்றுகொண்டிருந்தது. ஆட்டம் முடிய பத்து நிமிடம்கூட இல்லாதபோது சாரில் சப்புயிஸ் ஒன்று, சனாதிப் ஒன்று. அன்றைய ஆட்டத்தை மலேசியா 3-2 வென்றது, கிண்ணத்தைத் தாய்லாந்து 4-3 என்று தூக்கிக்கொண்டு போனது. வென்ற அணி அழுதுகொண்டும் தோற்ற அணி குதித்துக்கொண்டும் வெளியேறும் காட்சியை இந்த முறையில் மட்டும்தான் பார்க்க முடியும்.

2010 தென்கிழக்காசியக் கிண்ணத்தைச் சொல்லாமல் நகர முடியாது. பயிற்றுநர் கே. ராஜகோபாலின் அணி, எஸ். குணாளன் போன்ற நம் பிள்ளைகளும் இருந்த அணி, குழு ஆட்டத்தில் ஜக்கார்த்தாவில் 5-1 என்று இந்தோனேசியாவிடம் உதை வாங்கிய அதே அணி, இறுதி மோதலின் முதல் ஆட்டத்தை புக்கிட் ஜாலிலில் 3-0 வென்றது. இரண்டாம் ஆட்டம் மறுபடியும் ஜக்கார்த்தாவில், குலோரா புங் கர்னோவில். அங்கே ஆட்டத்தின் தொடக்கத்திலேயே இந்தோனேசியாவுக்கு ஒரு பினால்டி கிடைத்தது. ஃபிர்மான் உத்தினா அடித்ததை கைருல் ஃபாமி பிடித்தார். அது உள்ளே போயிருந்தால் 3-1, இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மீதி, அந்த அரங்கின் சத்தம் வேறு. பிடித்துவிட்டதால் மூன்று கோல் சுவர் அப்படியே நின்றது. இரண்டாம் பாதியில் சாஃபி சாலி ஒன்று போட்டதும் இந்தோனேசியா ஐந்து கோல் போட வேண்டிய நிலை. அவர்கள் 2-1 என்று வென்றார்கள், நாம் 4-2 என்று வென்றோம். அன்றைய வெற்றியைப் பலரும் சாஃபியின் கோலுக்கு எழுதிவைப்பார்கள், நான் பாதியைக் கைருல் ஃபாமியின் கைக்கு எழுதிவைப்பேன்.

முதல் ஆட்டத்தை எங்கே ஆடுவது நல்லது என்ற வாதம் முடிவே இல்லாதது. இரண்டாவதைச் சொந்த மண்ணில் ஆடுவதுதான் நல்லது என்பார்கள் பலர், எவ்வளவு கோல் வேண்டும் என்று தெரிந்துகொண்டு ஆடலாம், கூடுதல் நேரம் வந்தால் அந்த 30 நிமிடமும் சொந்த ரசிகர்கள் முன்னால். இந்தச் சொந்த மண் பலம் என்ன என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு தோட்டத்து அணி லாரி ஏறி இன்னொரு தோட்டத்துத் திடலுக்கு ஆடப் போனால், அந்தத் திடல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, மழை பெய்தால் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், பந்து செம்பனைக்குள் போனால் எடுத்து வருபவன் எவ்வளவு மெதுவாக வருவான் என்பதெல்லாம் அந்தத் தோட்டத்துப் பையன்களுக்கு மட்டும்தான் தெரியும். பெரிய அரங்கத்திலும் அதேதான், அளவுதான் வேறு. பூட்டானின் திம்பு கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பின் வெக்கையில் பழகியவன் அங்கே இருபதாவது நிமிடத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்குவான்.

பூட்டான் என்றதும் 2015 கதை. ஃபிஃபா தரவரிசையில் உலகத்திலேயே கடைசி இடம், 209. அதற்கு முன் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் ஆடியதே இல்லை. குலுக்கலில் எதிரணி இலங்கை. முதல் ஆட்டம் கொழும்பில், பூட்டான் 1-0 வென்றது. ஐந்து நாள் கழித்துத் திம்புவில் 2-1, செஞ்சோ கியெல்ட்ஷென் இரண்டு கோல். கவனிக்க வேண்டியது, அவர்கள் இதை மலையில் வெல்லவில்லை, கொழும்பில் வென்றார்கள், திம்புவில் பாதுகாத்தார்கள். அடுத்த சுற்றில் பூட்டான் எட்டு ஆட்டமும் தோற்றது, கட்டாரிடம் ஒரு முறை 15-0. "இதுக்கா வென்றார்கள்?" என்று கேட்கலாம். சீனாவும் கட்டாரும் ஹாங்காங்கும் திம்புவுக்கு வந்து ஆடியதே, அது வேறு எப்படிக் கிடைத்திருக்கும்? தோற்ற இலங்கைக்கு அந்த எட்டு ஆட்டமும் இல்லை.

எதிரணி மண்ணில் போட்ட கோலுக்குக் கூடுதல் மதிப்பு என்ற விதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலேசிய ரசிகர்கள் பலர் இன்னும் அதை வைத்தே மனக்கணக்குப் போடுகிறார்கள். ஐரோப்பாவில் 1965இல், அந்தந்த நாட்டுக் கிண்ணத்தை வென்ற கழகங்கள் மோதும் 'கிண்ண வெற்றியாளர் கிண்ணம்' என்ற போட்டியில் கொண்டுவரப்பட்டது. அந்தக் காலத்தில் வெளியூர் பயணம் கொடுமை, திடல்கள் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி, போகிற அணி பத்து பேரையும் கோலுக்கு முன்னால் நிறுத்திவிட்டு 0-0க்காக ஆடும். அதை உடைக்கத்தான் விதி: போய் ஒரு கோல் போட்டால் உனக்கு லாபம். பல ஆண்டுகள் அது வேலை செய்தது. பிறகு நிலைமை மாறியது. 2021 ஜூனில் ஐரோப்பியக் காற்பந்துச் சம்மேளனமான யூஃபா அதைக் கைவிட்டபோது வெளியிட்ட புள்ளிவிவரம் இது: 1970களின் நடுவில் சொந்த மண்ணில் வெற்றி 61 விழுக்காடு, வெளியூரில் 19 விழுக்காடு, அது அப்போது 47க்கு 30 என்று நெருங்கிவிட்டிருந்தது. வெளியூர் ஆட்டம் முன்போல் கஷ்டமில்லை என்றால் வெளியூர் கோலுக்கு எதற்குச் சலுகை? அதோடு, விதி எதிர்த்திசையில் வேலை செய்யத் தொடங்கியிருந்தது. சொந்த மண்ணில் ஆடும் அணிதான் இப்போது பயந்தது, ஒரு கோல் வாங்கிவிட்டால் அது இரண்டு மாதிரி வலிக்கும் என்று.

மலேசியாவுக்கு அந்த விதி நல்லதும் செய்தது, கெட்டதும் செய்தது. 2011இல், 2014 உலகக் கிண்ணத்துக்கான முதல் சுற்றில் எதிரணி சீனத் தைப்பே, அதாவது தைவான். இங்கே 2-1 வென்றோம், தைப்பேயில் 3-2 தோற்றோம். மொத்தம் 4-4. நாம் அங்கே போட்டது இரண்டு, அவர்கள் இங்கே போட்டது ஒன்று. அந்த ஒற்றை வித்தியாசத்தில் அடுத்த சுற்றுக்குப் போனோம். அடுத்த சுற்றில் சிங்கப்பூர். ஜாலான் புசாரில் முதல் நிமிடத்திலேயே கோல் போட்டுவிட்டு 5-3 தோற்றோம். தொலைக்காட்சியை அணைத்தவர்களுக்குப் புரியாதது, அது மோசமான தோல்வியே இல்லை என்பது. அங்கே மூன்று கோல் போட்டிருந்ததால் இங்கே 2-0 வென்றால் போதும், 5-5, மூன்று வெளியூர் கோலுடன் நாம் உள்ளே. புக்கிட் ஜாலிலில் சாஃபி சாலி ஒன்று போட்டார், இன்னும் ஒன்றே ஒன்று வேண்டும், அரங்கம் இடிந்து விழும்போல இருந்தது. ஷி ஜியாயி சமப்படுத்தினார். அந்த ஒரு கோலில் நமக்கு வேண்டியது ஒன்றிலிருந்து இரண்டாக மாறியது. 1-1, மொத்தம் 6-4, சிங்கப்பூர் உள்ளே. ஜாலான் புசாரில் வாங்கிய ஐந்தாவது கோல்தான் என்னை இன்றைக்கும் உறுத்துகிறது. 4-3 என்று திரும்பியிருந்தால் இங்கே 1-0 போதும்.

2018 தென்கிழக்காசியக் கிண்ணத்தில் அதே விதியின் இரண்டு முகத்தையும் ஒரே மாதத்தில் பார்த்தோம். அரையிறுதியில் தாய்லாந்தோடு புக்கிட் ஜாலிலில் 0-0. நிறைய பேர் உதட்டைப் பிதுக்கினார்கள், சொந்த மண்ணில் ஒரு கோல்கூட இல்லையே என்று. ஆனால் வாங்கவும் இல்லை, அதுதான் அங்கே விஷயம். பேங்காக்கில் 2-2, நமக்கு இரண்டு வெளியூர் கோல். 90 நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்த நிமிடங்களில் தாய்லாந்தின் அடிசாக் கிரைசோர்ன் பினால்டியை வானத்துக்கு அடித்தார், நாம் இறுதியாட்டத்துக்குப் போனோம். இறுதியாட்டத்தில் வியட்நாமோடு புக்கிட் ஜாலிலில் 2-2. இரண்டு கோல் பின்தங்கி, சமப்படுத்தியதால் எல்லாருக்கும் ஒரே உற்சாகம். கணக்கின்படி அது 0-0ஐவிட மோசமான முடிவு. ஹனோயில் வியட்நாம் ஒரு கோலும் வாங்காமல் 90 நிமிடம் நின்றாலே கிண்ணம் அவர்களுக்கு என்ற நிலை. ஆறாவது நிமிடத்தில் ஒன்று போட்டு 1-0 என்று முடித்தார்கள்.

இப்போது இதோடு ஒன்றை ஒப்பிடுங்கள். 2024 செப்டம்பர், 2027 ஆசியக் கிண்ணத்துக்கான தகுதி மோதல், இலங்கையும் கம்போடியாவும். கொழும்பில் 0-0. புனோம் பென்னில் 2-2. மலேசியா 2018இல் பேங்காக்கிலிருந்து கொண்டுவந்த அதே முடிவு, எழுத்துக்கு எழுத்து. பழைய விதி இருந்திருந்தால் இலங்கை நேராக உள்ளே போயிருக்கும். அங்கே வெளியூர் கோல் கணக்கில் வரவில்லை, பினால்டி வரை போய் இலங்கை 4-2 என்று வென்றது. அதே கோல், அதே இடங்கள், ஆனால் பதற்றம் வேறு. விதி நீங்கியது சரிதான் என்பது என் கட்சி, நமக்கு அது 2011இலும் 2018இலும் கைகொடுத்திருந்தாலும். சொந்த ரசிகர்கள் 80,000 பேர் முன்னால் ஒரு அணி பயந்து பயந்து ஆடுவதை எந்த விதியும் ஊக்குவிக்கக்கூடாது.

சொந்த மண் என்பதே சில அணிகளுக்கு இல்லை, அதையும் சொல்ல வேண்டும். 2019இல் மலேசியா திமோர் லெஸ்தேயோடு ஆடிய இரண்டு ஆட்டமும் புக்கிட் ஜாலிலில்தான் நடந்தன, திமோரின் 'சொந்த' ஆட்டம் உட்பட. நாம் 12-2 என்று பெருமைப்படும்போது இதை மறந்துவிடுகிறோம். அதே சுற்றில் பாகிஸ்தான் கம்போடியாவோடு தன் சொந்த ஆட்டத்தை டோஹாவில் ஆடியது. 2017இல் நடந்தது இன்னும் பெரியது: உலகக் கிண்ணத்துக்கு இரண்டு படி மட்டுமே மீதி இருந்த நிலையில், சிரியா தன் சொந்த ஆட்டத்தை ஆஸ்திரேலியாவோடு ஆடியது நமது மலாக்காவில், ஹங் ஜெபாட் அரங்கில். உள்நாட்டுப் போரால் வீட்டில் ஆட முடியாத ஒரு நாடு, வீட்டிலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, தன் வரலாற்றின் மிகப் பெரிய ஆட்டத்தை ஆடியது. ஓமார் அல் சோமா கடைசி நேரத்தில் பினால்டியில் சமப்படுத்தி 1-1. சிட்னியில் கூடுதல் நேரத்தில் டிம் கேஹில் 2-1 ஆக்கினார், கடைசி நிமிடத்தில் அல் சோமா அடித்த ஃபிரீ கிக் கம்பத்தில் பட்டது. அது உள்ளே போயிருந்தால் 2-2, அன்றைக்கு நடப்பில் இருந்த வெளியூர் கோல் விதிப்படி சிரியா முன்னே போயிருக்கும். டமஸ்கஸில் ஒரு ஆட்டம் ஆட முடிந்திருந்தால் அந்த மோதல் எப்படிப் போயிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

திடலுக்கு வெளியிலேயே முடிவானவையும் உண்டு. 2019இல் மக்காவ் முதல் ஆட்டத்தில் இலங்கையை 1-0 வென்றது. அந்த ஆண்டு ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பாதுகாப்பைக் காரணம் காட்டி இரண்டாம் ஆட்டத்துக்குக் கொழும்பு போக மறுத்துவிட்டார்கள். ஃபிஃபா இலங்கைக்கு 3-0 வெற்றி கொடுத்தது. மொத்தம் 3-1. முன்னணியில் இருந்தவர்கள் ஒரு பந்துகூட உதைக்காமல் வெளியேறினார்கள்.

நடுவர் ஒருவரின் தவற்றால் முதல் ஆட்டத்தையே திரும்ப ஆடிய கதையும் இருக்கிறது, 2005இல், உஸ்பெகிஸ்தான், பஹ்ரேன். தாஷ்கெண்டில் உஸ்பெகிஸ்தான் 1-0 முன்னணி, அவர்களுக்கு ஒரு பினால்டி, பந்து உள்ளே போய்விட்டது. ஆனால் அடிப்பதற்கு முன்பே ஒரு உஸ்பெக் ஆட்டக்காரர் பினால்டி கட்டத்துக்குள் ஓடிவிட்டார். விதிப்படி மறுபடி அடிக்கச் சொல்ல வேண்டும். நடுவர் பஹ்ரேனுக்கு ஃபிரீ கிக் கொடுத்தார். ஆட்டம் 1-0 என்றே முடிந்தது. வென்ற உஸ்பெகிஸ்தான்தான் புகார் கொடுத்தது, 3-0 என்று அறிவிக்கச் சொல்லி. ஃபிஃபா ஆட்டத்தையே ரத்து செய்து திரும்ப ஆடச் சொன்னது. மறு ஆட்டம் 1-1, பஹ்ரேனில் 0-0, வெளியூர் கோலில் பஹ்ரேன் உள்ளே. கையில் இருந்த 1-0ஐப் புகார் கொடுத்தே இழந்தார்கள். முதல் ஆட்டத்தில் வாங்கும் ஒரு கோலும், ஒரு தவறும், ஒரு சிவப்பு அட்டையும் அந்த இரவோடு முடிவதில்லை. 2011இல் இந்தியா ஐக்கிய அரபு சிற்றரசுகளில் ஆடியபோது முதல் பாதியிலேயே இரண்டு பேரை இழந்து 3-0 தோற்றது, டெல்லியில் 2-2 என்று நன்றாகவே ஆடியும் பயனில்லை, அந்த மோதல் முதல் அரை மணி நேரத்திலேயே முடிந்துவிட்டிருந்தது.

எனக்கு இந்த முறையில் உண்மையான மனக்குறை ஒன்றே ஒன்று, தோற்றவர்களைப் பற்றியது. தரவரிசையில் கீழே இருக்கும் நாட்டுக்குப் பெரிய அணிகள் நட்புமுறை ஆட்டம் கொடுப்பதில்லை. ஆட்டம் இல்லாவிட்டால் தரவரிசை ஏறாது. தரவரிசை ஏறாவிட்டால் அடுத்த முறையும் முதல் சுற்று. 2019இல் தோற்ற ஆறு நாடுகளுக்கு இரண்டு கிண்ணமும் ஒரே வாரத்தில் முடிந்துபோயின. அங்கே இருபது, இருபத்தொரு வயதில் நல்ல நிலையில் இருந்த பையன், அடுத்த தகுதிச் சுற்று வரும்போது இருபத்தைந்து வயதைத் தொட்டிருப்பான், இடையில் நாட்டுக்காக எதை ஆடினான்? 2023இல் தோற்றவர்களுக்கு ஆசியக் கிண்ணத் தகுதி மோதல் என்று இன்னொரு வாசல் திறந்துவைத்தது நல்ல மாற்றம், அந்த வாசல் வழியாகத்தான் இலங்கை, கம்போடியாவை வென்று, தாய்லாந்து, துர்க்மெனிஸ்தான், சீனத் தைப்பேயோடு ஆறு ஆட்டம் ஆடியது. ஏமனிடம் மொத்தம் 4-1 என்று தோற்று வெளியேறியிருந்த அணி அது.

ஆசியக் காற்பந்துச் சம்மேளனம் இதற்கென்றே ஒரு போட்டியையும் ஒருமுறை நடத்தியது, அதுவும் நம் நாட்டில். 2016 நவம்பரில் சரவாக்கில் நடந்த சோலிடாரிட்டி கிண்ணம், முதல் சுற்றுகளில் வெளியேறிய நாடுகளுக்கு. கூச்சிங்கில் நடந்த இறுதியாட்டத்தில் நேப்பாளம் மக்காவை 1-0 வென்றது. 2020இல் நடக்க வேண்டிய அடுத்த கிண்ணம் கோவிட் தொற்றால் ரத்தானது. அதை மறுபடியும் தொடங்க வேண்டும், ஒவ்வொரு உலகக் கிண்ணச் சுற்றுக்கும் ஒன்று என்று நாட்காட்டியில் எழுதிவைத்து நடத்த வேண்டும், அதை ஏற்று நடத்த மலேசியா முதல் ஆளாகக் கையைத் தூக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கலயத்துக்குள் நாமும் இருந்திருக்கிறோம், சரவாக்கில் அரங்கமும் தயாராகத்தான் இருக்கிறது.